கயாவுக்குப் போகிற தோழர்களுக்கு

நம்ம சனங்க இப்போது கயாவுக்குப் போக ஆரம்பித்திருக்கிறார்கள். இதுவரை தமிழ்நாட்டிலிருந்து அந்த ஊருக்கு ரயில் ஏறியவர்கள் பெரும்பாலும் ஒரே வகைதான். காசி, பிரயாகை, கயா என்று மூன்று ஊரைச் சுற்றி, செத்துப்போன அப்பன் பாட்டனுக்குப் பிண்டம் போட்டு, கங்கைச் சொம்பைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறவர்கள். இப்போது நீலக்கொடியும் பஞ்சசீலக் கொடியும் பிடித்துக்கொண்டு, நாக்பூர் தீட்சா பூமியைப் பார்த்த கையோடு புத்தகயாவுக்கும் போய்வருகிற கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. சீட்டுக் கட்டிக் காசு சேர்த்துப் போகிறார்கள். வரவேற்க வேண்டிய காரியம்.

ஆனால் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் ஒரே மாதிரி வருகிறது. போதிமரம் பார்த்தோம். ஜப்பான்காரர்கள் 1989-இல் வைத்த 80 அடி புத்தரைப் பார்த்தோம். தாய்லாந்துக் கோவில், பர்மாக் கோவில், திபெத்துக் கோவில். ராஜகிருகத்தில் கழுகுமலை. நாளந்தாவில் செங்கல். அப்புறம்? அப்புறம் என்ன, ரயிலுக்கு நேரமாயிடுச்சி.

இதில்தான் எனக்குச் சண்டை. மகதம் என்பது கல்லும் செங்கல்லும் மட்டும் இல்லை. அந்த மண்ணில் இன்றைக்கும் அடுத்தவன் வயலில் மாரடிக்கிற சனம் நம்ம சனம். அவர்களைப் பார்க்காமல் புத்தரை மட்டும் பார்த்துவிட்டு வருவது, சேரித் தெருவை மிதிக்காமல் தேர் பார்த்துவிட்டு வருகிற மாதிரி. எதைப் பார்க்கிறோம் என்பதில் அரசியல் இருக்கிறது. எது நம் கண்ணில் படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இன்னும் பெரிய அரசியல் இருக்கிறது.

1

முதலில் கயா. 2025-இல் பீகார் அரசு இந்த ஊரின் பெயரை 'கயாஜி' என்று மாற்றியது. அந்த 'ஜி' யாருக்குக் கொடுத்த மரியாதை?

ஊருக்குப் பெயர் வந்ததே கயாசுரன் என்ற அசுரனால்தான் என்று அவர்களுடைய புராணமே சொல்கிறது. அவன் யாரையும் கொன்றதாகச் சொல்லவில்லை. எவன் பெண்டாட்டியையும் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்லவில்லை. தவம் செய்தான். அவன் உடம்பு அவ்வளவு புனிதமாகிவிட்டது. அவனைப் பார்த்தவன், தொட்டவன் எல்லாரும் நேரே மோட்சத்துக்குப் போனார்கள். யாகம் வேண்டாம், தட்சிணை வேண்டாம், நடுவில் தரகன் வேண்டாம். யமனுக்கு வேலை இல்லாமல் போச்சு. தேவர்களுக்குப் பொறுக்குமா? பிரம்மா போய், 'உன் உடம்பின் மேல் யாகம் செய்ய வேண்டும், இடம் கொடு' என்று கேட்டார். அவனும் நம்பிப் படுத்தான். தலைமேல் பாறையை வைத்தார்கள். அப்பவும் அசைந்தான். கடைசியில் விஷ்ணு வந்து ஏறி மிதித்தார். அந்தக் கால் தடம்தான் விஷ்ணுபாதம். இப்போதிருக்கும் கோவிலை 1787-இல் அகல்யாபாய் ஹோல்கர் கட்டினார்.

தொட்டால் தீட்டு என்று சொல்லப்பட்ட நாம், தொட்டால் மோட்சம் என்றிருந்த ஒருத்தனின் கதையைக் கவனிக்காமல் எப்படிப் போக முடியும்? வங்காளத்து ஆய்வாளர் ராஜேந்திரலால் மித்ரா 1878-இல் புத்தகயா பற்றி எழுதிய நூலிலேயே, கயாசுரன் கதை பௌத்தம் மிதிக்கப்பட்ட கதை என்று வாசித்தார். அவர் ஒன்றும் நம்ம இயக்கத்துக்காரர் இல்லை. பண்டிதர் அயோத்திதாசர் நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்த வாசிப்பைத்தான். புராணத்தில் எவனை அசுரன் என்கிறானோ அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேள்.

கயாவில் பிண்டம் போடுகிறவர்கள் தனக்குப் பிடித்த ஒரு காய், ஒரு பழத்தை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும், அப்புறம் ஆயுசுக்கும் தொடக் கூடாது என்று ஒரு வழக்கம். நம்ம ஊர்க்காரர்களும் விட்டுவிட்டு வருகிறார்கள். ஒருத்தர் பாகற்காயை விடுகிறார், ஒருத்தர் பலாப்பழத்தை விடுகிறார். எத்தனையோ நூறு வருஷமாக லட்சக்கணக்கான பேர் அங்கே போயிருக்கிறார்கள். சாதியை விட்டுட்டு வந்தேன் என்று சொன்ன ஒருத்தரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் தன் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த 22 உறுதிமொழிகளில் ஆறாவது, சிரார்த்தம் செய்ய மாட்டேன், பிண்டம் போட மாட்டேன் என்பது. ஐந்தாவது, புத்தரை விஷ்ணுவின் அவதாரம் என்று ஏற்க மாட்டேன் என்பது. ஆறாவது கயாவுக்குச் சொன்ன பதில் என்றால், ஐந்தாவது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற புத்தகயாவுக்குச் சொன்ன பதில். இரண்டு ஊரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போலவே இரண்டு உறுதிமொழியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

2

புத்தகயாவில் அவதாரக் கதையை யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தாலே தெரியும். மகாபோதிக் கோவில் கருவறையில் புத்தருக்கு முன்னால் தரையில் ஒரு லிங்கம் இருக்கிறது. வளாகத்தில் ஒரு சின்னக் கோவிலில் நிற்கிற பழைய புத்தர் சிலைகளுக்குப் பஞ்ச பாண்டவர் என்று பெயர் வைத்துக் கும்பிட வைத்திருக்கிறார்கள். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று பூசை நடந்த சிலை புத்தர்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஆயிற்று. வடக்கே பாண்டவன், தெற்கே முனியப்பன். வித்தை ஒன்றுதான்.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைவ கிரி சன்னியாசிகள் புத்தகயாவில் மடம் போட்டார்கள். அந்த மடத்தின் மகந்த் கைக்குள் கோவில் போனது. 1891-இல் இலங்கையிலிருந்து அநகாரிக தர்மபாலர் வந்தார். கோவிலின் கதியைப் பார்த்து அந்த வருஷமே மகாபோதி சங்கத்தைத் தொடங்கினார். 1895-இல் ஜப்பானிலிருந்து வந்த புத்தர் சிலை ஒன்றைக் கோவிலின் மேல்தளத்தில் கொண்டுபோய் வைத்தார். மகந்தின் ஆட்கள் அதைத் தூக்கி வெளியே போட்டார்கள். வழக்கு நடந்தது. கீழ்க்கோர்ட்டு தண்டித்தது, கல்கத்தா உயர் நீதிமன்றம் விட்டுவிட்டது. 1933-இல் தர்மபாலர் சாகும்வரை கோவில் கைக்கு வரவில்லை. இதே காலத்தில்தான், 1898-இல், அயோத்திதாசர் கர்னல் ஆல்காட் உதவியோடு இலங்கை போய் பௌத்தம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கட்டினார். மகாபோதி மீட்பும் தமிழ்ப் பறையர்களின் பௌத்த மீட்பும் ஒரே பத்தாண்டில் புறப்பட்ட இரண்டு பயணங்கள். நமக்கும் புத்தகயாவுக்கும் உள்ள உறவு நேற்று நாக்பூர் போய்வந்ததால் வந்ததில்லை.

சுதந்திரம் வந்தது. 1949-இல் பீகார் சட்டசபை புத்தகயா கோவில் சட்டம் என்று ஒன்று போட்டது. அதன் லட்சணத்தைப் பாருங்கள். எட்டு உறுப்பினர் குழு. நாலு பேர் பௌத்தர், நாலு பேர் இந்து, அந்த நாலில் மகந்த் ஒருத்தர். தலைவர் கயா கலெக்டர். கலெக்டர் இந்துவாக இல்லாவிட்டால் அந்தக் காலத்துக்கு மட்டும் வேறொரு இந்துவை அரசு நியமிக்கும். அதாவது புத்தர் ஞானம் பெற்ற இடத்தை நிர்வாகம் செய்வதில் பௌத்தன் ஒருநாளும் பெரும்பான்மை ஆகிவிடக் கூடாது என்று கணக்குப் போட்டு எழுதிய சட்டம். கலெக்டர் எந்த மதமானாலும் தலைவராகலாம் என்று 2013-இல்தான் திருத்தினார்கள். நாலுக்கு நாலு என்பது அப்படியே நின்றது. வேறு எந்த மதத்துக்காரனின் தலைமைக் கோவிலிலாவது பாதி இடத்தை அடுத்த மதத்துக்காரனுக்கு எழுதி வைத்திருக்கிறதா? பார்ப்பனியம் இதற்கு வைத்த பெயர் சகிப்புத்தன்மை.

2002-இல் யுனெஸ்கோ இந்தக் கோவிலை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. உலகத்துக்கே சொந்தமான கோவில், பௌத்தனுக்கு மட்டும் பாதிதான் சொந்தம்.

1992-இல் ஜப்பானில் பிறந்து நாக்பூரில் வேர் விட்ட பிக்கு சுரேய் சசாய் தலைமையில் அம்பேத்கர் பௌத்தர்கள் ஆயிரக்கணக்கில் புத்தகயாவுக்குள் இறங்கினார்கள். 2025 பிப்ரவரியில் பிக்குகள் 1949 சட்டத்தை நீக்கக் கோரி அங்கே உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். இந்தப் போராட்டம் நம்முடையது. இதில் ரெண்டு பேச்சு கிடையாது.

3

ஆனால் இந்தக் கதையை இதோடு நிறுத்துகிறவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். மகந்திடம் இருந்தது கோவில் மட்டும்தானா?

கயா மாவட்டத்தில் அந்த மடத்திடம் இருந்த நிலம் 9,500 ஏக்கருக்கு மேல். பீகாரில் ஜமீன்தாரி ஒழிந்தது, நில உச்சவரம்புச் சட்டம் வந்தது, மடத்து வரப்பில் ஒரு மண்கட்டி கூட நகரவில்லை. சாமிகள் பேரில், சீடர்கள் பேரில், இல்லாத ஆட்கள் பேரில் எழுதி வைத்துக்கொண்டார்கள். நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்த நிலத்தில் உழுதவர்கள் புயியான்கள். புயி என்றால் பூமி. பெயரிலேயே மண் இருந்தது, கையில் ஒரு பிடி மண் இல்லை. முசஹர் என்று இன்னொரு சாதி, எலி பிடித்துத் தின்கிறவர்கள் என்று இழிவாக வைத்த பெயர். அரசாங்கப் பட்டியலில் இரண்டும் தனித்தனி. ஆனால் அந்தப் பக்கம் மாஞ்சி என்று பெயருக்குப் பின்னால் இருந்தால் இந்த இரண்டில் ஒன்று என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இவர்களைப் பிடித்து வைத்த முறைக்குக் கமியாவ்தி என்று பெயர். மகன் கல்யாணத்துக்கு அப்பன் மாலிக்கிடம் கொஞ்சம் தானியமும் காசும் வாங்குவான். அந்தக் கடனுக்கு மகன் ஆயுசுக்கும் கமியா, அதாவது பண்ணையாள். அவன் மகன் கல்யாணத்துக்கு இவன் வாங்குவான். நம்ம கீழத்தஞ்சையிலும் பண்ணையாளைக் கல்யாணக் கடனில்தானே கட்டிப்போட்டான்? 1920-இல் வெள்ளைக்காரன் கமியாவ்திக்கு எதிராக ஒரு சட்டம் போட்டான். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் பாட்டுக்குச் சட்டம், ஏர் பாட்டுக்கு ஏர்.

தெற்கு மகதத்தில் மழையும் நிற்காது, ஆறும் நிற்காது. ஆற்றிலிருந்து பைன் என்ற வாய்க்காலை வெட்டிக்கொண்டு வந்து, மூன்று பக்கம் கரை போட்ட ஆகர் என்ற ஏரியில் தண்ணியைத் தேக்கித்தான் அங்கே நெல் விளைந்தது. அந்த மண்ணைச் சுமந்தவர்கள் இந்தக் கமியாக்கள். மகதப் பேரரசு, மகதப் பேரரசு என்று பாடப்புத்தகம் பெருமை பேசுகிறதே, பேரரசுக்குச் சோறு போட்ட வித்தை இது. இதற்கு யுனெஸ்கோ பலகை இல்லை. 2022-இல் பல்குனி ஆற்றில் ரப்பர் அணை கட்டினார்கள். வருஷம் முழுக்கப் பிண்டம் கரைக்கத் தண்ணி நிற்க வேண்டுமாம்.

1978-இல் இந்தப் புயியான் சனங்கள் மடத்துக்கு எதிராக எழுந்தார்கள். ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய சாத்ர யுவ சங்கர்ஷ் வாகினியின் இளைஞர்கள் கூட நின்றார்கள். உழுது விதைக்கிறவனுக்கே நிலம் என்பது முழக்கம். 1979 ஆகஸ்டில் கூலி விவசாயிகள் இரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சனங்கள் கலையவில்லை. மடத்து நிலத்தில் இறங்கி உழுதார்கள், விதைத்தார்கள், அறுத்தார்கள். 1981-இல் மடம் சட்டவிரோதமாக வைத்திருந்த நிலம் என்று ஆயிரம் ஏக்கரை அரசாங்கமே அடையாளம் காட்ட வேண்டி வந்தது. கோர்ட்டில் தர்மபாலரால் அசைக்க முடியாத மடத்தை, கையெழுத்துப் போடத் தெரியாத கூலிகள் வயலில் இறங்கி அசைத்தார்கள். புத்தகயாவின் வரலாற்றில் போதிமரத்துக்கு அடுத்தபடியாக நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நான் சொல்வேன்.

இன்னொன்றும் நடந்தது. பட்டா கொடுக்க வந்தபோது ஆம்பளை பேருக்குத்தான் கொடுப்போம் என்றார்கள் அதிகாரிகள். போராட்டத்தில் முன்னால் நின்று அடிவாங்கிய பெண்கள் கேட்டார்கள்: நிலம் உன் பேருக்கு வந்தால் நீ மாலிக்கு, நான் யார்? உன் அடியும் உன் குடியும் எனக்கு, பட்டா உனக்கா? முதலில் ஆண்களும் முணுமுணுத்தார்கள்தான். மாதக்கணக்கில் பேசினார்கள். குசா, பீஜா என்ற இரண்டு கிராமங்களில் பெண் பேரில் கொடுத்தால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஊரே நின்றது. 1980களின் தொடக்கத்தில் அங்கே நிலம் பெண்கள் பேருக்கு வந்தது. இந்தியாவில் பெண்கள் தங்கள் பேருக்கே நிலம் கேட்டு ஜெயித்த முதல் போராட்டங்களில் ஒன்று இது. நடத்தியது பல்கலைக்கழகத்துப் பெண்ணியம் இல்லை. கூலிக்கு நாற்று நட்ட தலித் பெண்கள்.

சுஜாதை பாயசம் கொடுத்தாள் என்று ஆற்றுக்கு அக்கரையில் பக்ரூரில் ஒரு தூபி இருக்கிறது. எல்லாரும் போகிறார்கள். சுஜாதை நிலக்காரன் வீட்டுப் பெண். மரத்தடியில் உட்கார்ந்திருந்த சித்தார்த்தரை முதலில் பார்த்து ஓடிப்போய்ச் சொன்னவள் புண்ணா என்ற அடிமைப் பெண். பௌத்தக் கதையே அப்படித்தான் சொல்கிறது. புண்ணாவுக்குத் தூபி இல்லை. குசாவுக்கும் பீஜாவுக்கும் சுற்றுலா பஸ் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

4

நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நாளந்தாவைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு நெஞ்சு விம்முகிறது. விம்மட்டும், நமக்கு மறுக்கப்பட்ட கல்வியின் அடையாளம் அது. யார் எரித்தார்கள் என்ற சண்டையில் முஸ்லிமைக் காட்டி நம்மை இந்துவாக்கப் பார்க்கிறார்கள் என்பதையும் அங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பௌத்தத்தை ஊரை விட்டுத் துரத்தியது ஒருநாள் தீ இல்லை. பல நூற்றாண்டு வேலை.

அதேசமயம் ஒரு கணக்கு. ஏழாம் நூற்றாண்டில் நாளந்தாவில் படித்த சீனத் துறவி இட்சிங், அந்த மடாலயத்துக்கு 200க்கு மேற்பட்ட கிராமங்கள் மானியமாக இருந்ததாக எழுதினார். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த மாதிரி, அரசர்கள் கொடுத்த ஊர்கள். அந்த 200 ஊரில் உழுதவன் யார்? பிக்குகள் தர்க்கம் படித்தபோது அவர்கள் சோற்றுக்கு நாற்று நட்டவள் யார்? விகாரை போய் மடம் வந்தது, கட்டிடம் மாறியது, வயலில் குனிந்த முதுகு மாறியதா? புத்தர் சொன்ன சங்கத்தில் ராஜகிருகத்துத் தோட்டி சுனீதனுக்கு இடம் இருந்தது. புத்தர் வருவதைப் பார்த்து ஒதுங்கி நின்றவனைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். தேரகாதையில் அவர் பேரில் பாட்டே இருக்கிறது. அம்பேத்கர் தன் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் சுனீதனை மறக்காமல் சேர்த்தார். ராஜகிருகத்தில் பிம்பிசாரனின் சிறை என்று ஒரு இடத்தைக் காட்டுகிறார்கள். சுனீதனின் தெரு எது என்று நான் தேடியவரை யாரும் காட்டவில்லை. நாம் மீட்க வேண்டியது சுனீதனின் பௌத்தம். மானியக் கிராமத்துப் பௌத்தம் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பழம்பெருமை பேசினால், கடைசியில் ஆண்ட பரம்பரை பேசுகிறவனுக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது.

5

கயாவுக்கு வடக்கே பராபர் மலை. முழுப் பாறையைக் குடைந்து உள்சுவரைக் கண்ணாடி மாதிரி இழைத்த குகைகள். இந்தியாவில் காலம் தெரிந்த குடைவரைகளில் இவைதான் மூத்தவை. அசோகன் தன் ஆட்சியின் 12ஆம் ஆண்டில் ஆசீவகர்களுக்குக் கொடுத்ததாகக் கல்வெட்டு. பக்கத்து நாகார்ஜுனி மலைக் குகைகளை அசோகனின் பேரன் தசரதன் கொடுத்தான். மணிமேகலை பேசுகிற அதே ஆசீவகர். அவர்களுடைய கோசாலரை, எண்ணெய்க் குடத்தைப் போட்டு உடைத்துவிட்டு ஓடிப்போன அடிமை என்று பௌத்த உரைகாரர்களே நக்கலாக எழுதி வைத்தார்கள். அடிமை என்று அவர்கள் திட்டிய இடத்தில்தான் நமக்கு ஒரு தடயம் கிடைக்கிறது. அந்தக் கல்வெட்டுகள் சிலவற்றில் 'ஆசீவக' என்ற சொல்லை மட்டும் உளியால் கொத்தி எடுத்திருக்கிறார்கள். பிறகு வந்த மௌகரி மன்னன் அனந்தவர்மன் உள்ளே கிருஷ்ணனையும் சிவனையும் தேவியையும் கொண்டுவந்து வைத்துத் தன் பேரைப் பொறித்துக்கொண்டான். ஒரு சனத்தின் பேரை அழிப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள அந்தக் கொத்தின தழும்பைப் பார்த்தால் போதும்.

இந்த மலை இருப்பது ஜெகானாபாத் மாவட்டத்தில். தினசரி படித்தவர்களுக்கு இந்தப் பேர் வேறு காரணத்துக்காகத் தெரியும். 1997 டிசம்பர் 1 இரவு, அப்போது இந்த மாவட்டத்தில் இருந்த லட்சுமண்பூர் பாதே கிராமத்துக்குள் ரண்வீர் சேனா சோன் ஆற்றைப் படகில் கடந்து வந்தது. 58 பேரைச் சுட்டுக் கொன்றது. பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். 1999 ஜனவரியில் இதே மாவட்டத்தில் சங்கர்பிகா. அதற்கு முன்னால், 1977-இல், பெல்ச்சி. பாதே வழக்கில் 26 பேருக்கு 2010-இல் தண்டனை கிடைத்தது. 2013 அக்டோபரில் பாட்னா உயர் நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. அப்படியானால் அந்த 58 பேரைக் கொன்றது யார்? கல்வெட்டில் ஆசீவகர் பேரைக் கொத்தி எடுத்த மாதிரி, தீர்ப்பில் கொலைகாரன் பேரைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்திய வழக்கில் நிலச்சுவான்தார்களை நம்ம உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததை மறக்காதவர்களுக்கு இது புதுசா என்ன?

கயாவுக்குக் கிழக்கே கெஹ்லவுர். மலையால் மறைக்கப்பட்ட ஊரிலிருந்து மறுபக்கம் போக, முசஹர் கூலி தசரத் மாஞ்சி 1960-லிருந்து 1982 வரை சுத்தியலும் உளியும் வைத்துத் தனியாளாகப் பாறையைப் பிளந்து வழி வெட்டினார். 360 அடி நீளம். 2007-இல் அவர் இறந்தபோது அரசு மரியாதை கொடுத்தார்கள், சினிமா எடுத்தார்கள். காதலுக்காக மலையை உடைத்தவர் என்று கதை பரவியது. ஒரு சேரிக்கு ரோடு போட 22 வருஷம் எந்த அரசாங்கமும் வரவில்லை என்ற கதை அமுங்கிப்போனது. அதே கயா மாவட்டத்து முசஹர் ஜீதன் ராம் மாஞ்சி 2014-இல் முதலமைச்சர் ஆனார். தான் போய்வந்த ஒரு கோவிலைக் கழுவிவிட்டார்கள் என்று முதலமைச்சர் நாற்காலியில் இருந்துகொண்டே அவர் சொன்னார்.

6

இதையெல்லாம் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். நம் பௌத்தத் தோழர்கள் சிலர், 'கோவில் பிரச்சினை வேறு, நிலப் பிரச்சினை வேறு, குழப்பாதே. அங்கே பல புயியான்கள் பௌத்தர்களே இல்லை' என்பார்கள். இடதுசாரித் தோழர்கள், 'கூலியும் நிலமும்தான் பிரச்சினை, புத்தரை எதுக்கு இழுக்கிறே' என்பார்கள்.

முதலாமவருக்கு: கோவிலையும் நிலத்தையும் பிரித்து வைத்தது நாம் இல்லை, மகந்தும் பிரித்து வைக்கவில்லை. ஒரே மடம் ஒரு கையில் புத்தரையும் இன்னொரு கையில் புயியானையும் பிடித்து வைத்திருந்தது. சாமி பேரைச் சொல்லி நிலம், நிலத்தின் பலத்தில் சாமி. நாளைக்கு 1949 சட்டம் ஒழிந்து எட்டு இடமும் பௌத்தர் கைக்கு வருகிறது என்றே வையுங்கள். மாஞ்சி வீட்டுப் பிள்ளை அப்பவும் வாசலில் நின்று வெளிநாட்டுக்காரனிடம் கையேந்தினால், அங்கே என்ன மீட்கப்பட்டது?

இரண்டாமவருக்கு: நிலத்தை மட்டும் கொடுத்தால் போதுமென்றால், பட்டா வாங்கிய தலித்தை ஏன் வரப்பில் வைத்து வெட்டுகிறான்? அவன் மனுசன் இல்லை என்று சொல்லிவைத்த மதத்தை உடைக்காமல் பட்டா காகிதம் நிற்காது. செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் 1994-இல் நம்மாளுங்க பஞ்சமி நிலத்தை மீட்கப் போனபோது முதலில் என்ன செய்தார்கள்? அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். சிலை வேறு நிலம் வேறு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. சுட்டவனுக்கும் தோன்றவில்லை.

ஆகவே கயாவுக்குப் போங்கள். கட்டாயம் போங்கள். மரத்தடியில் உட்காருங்கள், உண்ணாவிரதப் பந்தல் இருந்தால் அதிலும் உட்காருங்கள். 1949 சட்டத்தை நீக்கு என்று தமிழிலேயே முழக்கம் போடுங்கள். கூடவே, கோவில் நிர்வாகத்தில் அந்த மாவட்டத்து தலித் மக்களுக்கு இடம் கொடு, கோவில் வருமானத்தில் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டு, மடத்து நிலத்தில் பட்டா வாங்கியவர்களுக்கு நிலத்தைக் கைக்குக் கொடு என்றும் கேளுங்கள். இந்தக் கோரிக்கைகளை மகாராஷ்டிரத் தோழர்களிடமும் பிக்குகளிடமும் நாம் வைக்க வேண்டும்.

பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூட்டுங்கள். காலையில் பராபர், மதியம் கெஹ்லவுர், அல்லது ஒரு முழு நாளும் மாஞ்சி டோலி ஒன்றில். டோலி என்றால் நம்ம சேரி, ஊருக்கு வெளியே அதே இடத்தில்தான் இருக்கும், தேட வேண்டியதில்லை. பிஸ்கட் பாக்கெட்டும் பழைய துணியும் கொண்டுபோகாதீர்கள். அதற்கு நிறைய வெளிநாட்டுக் கம்பெனிகள் வருகின்றன. உட்கார்ந்து பேசுங்கள். மொழி தெரியாதே என்றால் நாக்பூரிலிருந்து ஒரு தோழரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மடத்தை எதிர்த்து எப்படி நின்றீர்கள், பட்டாவைப் பெண் பேருக்கு எப்படி வாங்கினீர்கள், இப்போது அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். வெண்மணியையும் காரணையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். திரும்பி வந்து உங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டு அதைப் பேசுங்கள். உங்கள் ஊரில் ஆதீனத்துக்கும் கோவிலுக்கும் எத்தனை ஏக்கர், அதில் உழுகிறவன் யார், பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், அது இப்போது யார் பேரில் இருக்கிறது என்று தாலுகா ஆபீசில் போய்க் கணக்கு எடுங்கள்.